ஏழு மாசத்துல இடதுகைப் பழக்கமா?

"எல்லாத்தையும் இடது கையாலயே எடுக்குது, அப்படியே தாத்தா!" என்று வீடியோ காலில் பாட்டி பூரிப்பார். தெரபிஸ்டான எனக்கு அது உறுத்தும். ஒரு வயசுக்குள் ஒரு கையை மட்டுமே நீட்டினால், மற்ற கை பின்தங்குகிறதா என்று பார்க்கணும். பெருமூளை வாதத்தின் ஆரம்ப அறிகுறிகளில் அதுவும் ஒன்று.

ஸ்வீடனில் உருவான எச்.ஏ.ஐ. என்ற பரிசோதனை, ஆபத்து வாய்ப்புள்ள 3 முதல் 12 மாதக் குழந்தைகளுக்கானது. ஊசியா, ஸ்கேனா என்று பயப்பட வேணாம். பொம்மைகளைக் கொடுத்துப் பத்து, பதினைந்து நிமிஷம் விளையாட விட்டு வீடியோ எடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு கைக்கும் தனித்தனி மதிப்பெண். எனக்குப் பிடித்ததே அதுதான். கெட்டிக்காரக் கை மற்றதை மறைக்க முடியாது.

குறைமாதக் குழந்தைக்கு, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வயசைக் கணக்கிடுங்க. டாக்டர் "கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்றால், வீட்டில் எடுத்த வீடியோவைக் காட்டிக் கேளுங்க.