பழைய சோறு சரி, சாப்பிட நேரம்?

போன வாரம் என் மனைவியின் அண்ணன் மகள் வந்திருந்தாள். ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இரவு டியூட்டி முடித்து நேராக வந்தவள், தட்டில் வைத்த இட்லியைப் பார்த்து, "வேண்டாம் மாமா, வயிறு உப்பிக்கிட்டு நிக்குது" என்றாள்.

"ஏளா, ராத்திரி என்னதான் சாப்பிட்டே?" என்றாள் என் மனைவி.

"டீயும் ரெண்டு பிஸ்கட்டும் அத்தை. டப்பாவைத் திறக்கவே நேரமில்ல. 25 பேருக்கு நான் ஒருத்திதான்."

கைப்பையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்துக் காட்டினாள். மன அழுத்தம் குடலைக் கெடுக்கும் என்று அவர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார்களாம். மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், தயிர் சாப்பிடுங்கள், நல்ல பாக்டீரியா மாத்திரை போடுங்கள் என்று அறிவுரை. வார்டில் ஆள் இல்லாததால் அந்த வகுப்பிலிருந்தே இவளைப் பாதியில் கூப்பிட்டுவிட்டார்கள்!

வகுப்பில் சொன்ன விஞ்ஞானத்தோடு எனக்குச் சண்டை இல்லை. மனம் பதறினால் அட்ரினலினும் கார்டிசோலும் சுரக்கின்றன. குடலின் அசைவு மாறுகிறது, அங்கே வாழும் பாக்டீரியாக் கூட்டமும் மாறுகிறது. அவற்றுக்கு உணவு நாம் தின்னும் நார்ச்சத்து. அது வராவிட்டால் சில பாக்டீரியாக்கள் குடலின் சளிப்படலத்தையே தின்னத் தொடங்குவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அவற்றுக்கும் பகல் இரவு உண்டு. நாம் ராத்திரி விழித்தால் அவற்றின் கணக்கும் தப்பும்.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்குப் பாஸ்தரின் பெயர் சிறுவயதிலேயே பழக்கம். பாரிஸில் அவர் பெயரிலான நிறுவனத்தில் வேலை பார்த்தவர்தான் 1908-ல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகோவ். புளித்த பால் ஆயுளைக் கூட்டும் என்று நூறு வருஷத்துக்கு முன்பே சொன்னவர். நம் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பழைய சோற்றை வைத்தே குடல் நோய்க்கு ஆய்வு செய்தார்கள். நல்லதுதான். ஆனால் பழைய சோற்றைத் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பலாம், அதை உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரத்தை யார் கொடுப்பது?

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, நடுவே அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றது. விக்கிரமசிங்கபுரம் மில்லில் நூல் நூற்றவருக்குக் கிடைத்த அந்த அரை மணி, உயிரைக் காப்பவளுக்கு வேண்டாமா? பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், போதனா மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஒப்பந்த நர்சுகள் போராடியது நினைவிருக்கும். அப்போது அவர்கள் சம்பளம் மாதம் 7,700 ரூபாய். அதற்கு எந்த மாத்திரை?

"அந்தக் காலத்து நர்சுகள் செய்யலையா?" என்று நம் வயதுக்காரர்கள் கேட்பீர்கள். நான் குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு மணி அடித்தால் ஃபைலை மூடிவிடுவேன். "சாப்பாட்டு நேரம், ரெண்டு மணிக்கு மேல வாங்க" என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஃபைல் காத்திருக்கும். மூச்சுத் திணறுகிறவர் காத்திருப்பாரா? அதனால்தான் அவள் டப்பா திறக்கப்படாமலே வீடு திரும்புகிறது.

மூச்சுப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் காலிப் பணியிடத்தை நிரப்புங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு மாற்று ஆள் போடுங்கள். இரவிலும் கேன்டீனைத் திறந்து வையுங்கள். அதன்பிறகு வகுப்பு எடுங்கள். ஆள் போடாமல் அறிவுரை சொல்வது, குற்றத்தை அவள் வயிற்றின்மேலேயே போடும் தந்திரம்.

பசித்த வயிற்றுக்குக் காது கிடையாது என்று பிரெஞ்சில் ஒரு பழமொழி உண்டு. நாளைக்கு நடுராத்திரியில் படுக்கையில் கிடந்து நீங்களும் நானும் மணியை அழுத்தும்போது, கேட்க வேண்டிய காது அவளுடையதுதான்.