புதுப் பட்டி இளகட்டும், பழைய பட்டி கை மாறட்டும்



கராத்தே தரப்படுத்தல் பரீட்சை முடிந்த கையோடு எங்கள் வாவிக்கரை ஊர்களின் முகநூல் பக்கங்கள் எல்லாம் புதுப் பட்டிப் படங்களால் நிறைந்துவிடும். பார்க்க எங்களுக்கும் சந்தோசம்தான். அடுத்த கிழமையே முறைப்பாடும் வந்துவிடும்: "சேர், பட்டி பலகை மாதிரி நிக்குது, முடிச்சு அவிழ்ந்து அவிழ்ந்து போகுது, கடைக்காரன் ஏமாத்திப் போட்டானா?"

ஏமாற்றவில்லை. நாலு சென்ரிமீற்றர் அளவு அகலமான அந்தப் பட்டிக்குள் பல அடுக்குத் துணி வைத்து, நீளவாக்கில் நெருக்கமாகப் பல வரிசை தைத்திருக்கிறார்கள். துணியில் ஏற்றிய பசையும் சேர்ந்தால் விறைப்பாகத்தான் இருக்கும். மருதமுனை, காத்தான்குடிக் கைத்தறியைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு இது புதினமா? கஞ்சி போட்ட பாவில் நெய்த சாரன் முதல் நாள் மொடமொடவென்று நிற்கும். நாலு தரம் அலசி உடுத்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பட்டியும் அப்படித்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பட்டியை ஒரு நுனியிலிருந்து இறுக்கமாகச் சுருட்டுங்கள். பிரித்து மற்றப் பக்கமாகச் சுருட்டுங்கள். பிறகு சாண் சாணாகப் பிடித்து, துணி பிழிவது போல இரண்டு பக்கமும் முறுக்குங்கள். இரவில் இடுப்பு முடிச்சுப் போலவே முடிந்து வைத்துவிட்டுக் காலையில் அவிழுங்கள். பருத்திப் பட்டியென்றால் ஒரு தரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பசை போக அலசி, ஈரம் பாதி காய்ந்ததும் கையால் பிசைந்து விடலாம். ஒரு கிழமையில் வித்தியாசம் தெரியும். மிச்சத்தைப் பயிற்சி பார்த்துக்கொள்ளும்.

கொதிநீரில் போட வேண்டாம். பருத்தி சுருங்கும், சாயமும் இறங்கும். வெள்ளை உடுப்போடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம். வெளுப்பாக்கும் மருந்து கூடவே கூடாது. பளபளப்பான சாட்டின் உறை போட்ட கறுப்புப் பட்டியைக் கல்லில் தேய்த்தால் உறை பிய்ந்துவிடும். சில பெரிய பிள்ளைகள் "பழைய ஆள்" மாதிரித் தெரிய வேண்டுமென்று வேண்டுமென்றே உரஞ்சி நூல் எழுப்புகிறார்கள். பத்து வருடப் பயிற்சியை உரைகல்லால் ஒரு நாளில் எடுக்க முடியாது, தம்பிமாரே.

"பட்டியைக் கழுவினால் கற்றது போய்விடும்" என்று ஒரு கதையும் இருக்கிறது. வெள்ளைப் பட்டி அழுக்கேறி அழுக்கேறிக் கறுப்பானதாம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1882இல் யப்பானில் கொடோக்கான் ஜூடோப் பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ என்ற ஆசிரியர்தான் 1880களில் தேர்ந்த மாணவரை அடையாளம் காணக் கறுப்புப் பட்டி கட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அவரைப் பின்பற்றி புனாகோஷி கிச்சின் 1924இல் கராத்தேக்கும் அந்த முறையைக் கொண்டுவந்தார். மஞ்சள், பச்சை, நீலமெல்லாம் அதற்குப் பிறகு ஐரோப்பாவில் பரவியவை. அழுக்குக்கும் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை. வியர்வை ஊறிய துணியைக் கழுவாமல் இடுப்பில் கட்டினால் கிடைப்பது தோல் வருத்தம்தான்.

எங்கள் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கை. முதலாவது, உவர்க் கிணற்று நீரில் அலசினால் துணியில் உப்புத் தங்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பட்டி முழுக்கக் காயவே காயாது. ஆகவே கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். இரண்டாவது, மாரி காலத்தில் ஈரப் பட்டியைப் பொலித்தீன் பையில் சுருட்டிப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தால் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். இந்த வேலையை உம்மா செய்யக் கூடாது. பட்டி கட்டுகிற பிள்ளையே செய்யட்டும். அதுவும் பயிற்சியில் ஒரு பாகம்.

இனி, நாங்கள் சொல்ல வந்த முக்கியமான விசயம்.

நிறப் பட்டி ஒன்றின் ஆயுள் சில மாதம். அது இளகிப் பதமாக வரும்போது பிள்ளை அடுத்த நிறத்துக்குப் போய்விடும். நல்ல பட்டி அலுமாரியில் கிடக்கும். அதே நேரம், பரீட்சைக் கட்டணத்தையும் புதுப் பட்டியையும் நினைத்து "இந்தத் தரம் வேணாம், அடுத்த தரம் பார்ப்பம்" என்று மகளை நிறுத்தும் வாப்பாமார் எங்களுக்குள் இருக்கிறார்கள். அடுத்த தரம் என்பது பல பிள்ளைகளுக்கு வருவதேயில்லை. தோல்வியால் விலகும் பிள்ளையைத் தேற்றலாம். காசுக்காக விலகும் பிள்ளை காரணத்தையே சொல்லாமல் போய்விடும்.

ஆகவே பயிற்சி நடக்கும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி வைப்போம். தரம் ஏறும் பிள்ளை தன் பழைய பட்டியைக் கழுவி, காயவைத்து, சுருட்டி அதில் போடட்டும். தன் புது நிறத்தை அதிலிருந்தே எடுக்கட்டும். "இல்லாத பிள்ளைக்கு மட்டும் பழையது" என்று வைத்தால் அந்தப் பட்டியே வறுமையின் அடையாளமாகிவிடும். வைத்தியரின் மகனும் கடற்தொழிலாளியின் மகனும் ஒரே பெட்டியில் கை வைக்க வேண்டும். அப்போதுதான் யாருக்கும் தலை குனிவு இல்லை.

"பிள்ளை உழைத்து எடுத்தது, சொந்தமாக ஒன்று வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கறுப்புப் பட்டி வரட்டும், பெயர் தைத்துச் சொந்தமாக வாங்கிக் கொடுங்கள், அதை வாழ்நாளெல்லாம் வைத்திருக்கட்டும். இடையில் வரும் நிறங்கள் எல்லாம் கடந்து போகிற படிகள். படியைத் தூக்கிக்கொண்டு யாரும் மேலே ஏறுவதில்லை.

இன்னொரு பிள்ளை முடிந்து அவிழ்த்து இளக்கிய பட்டி, சின்னவனின் இடுப்பில் முதல் நாளே முடிச்சு நிற்கும். கடையில் அது கிடைக்காது. இன்றைக்கே அலுமாரியைத் திறந்து பாருங்கள். இருக்கும் நிறத்தையும் நீளத்தையும் கீழே எழுதுங்கள். பயிற்றுவிப்பாளர்களே, பெட்டி வைக்க நீங்கள் தயாரா?