வால் வண்ணமும் வாய்மொழியும்

வானூர்திகளை அண்ணாந்து பார்த்து மகிழ்வதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணுவோர் உளர். தமிழாசிரியருக்கு அதில் என்ன வேலை என்று கேட்போரும் உளர். சீவக சிந்தாமணியைக் கற்றவர் அவ்வாறு கேளார். சச்சந்தன் தன் தேவிக்காகச் செய்வித்த மயிற்பொறியை அவர் அறிவார். பொறியை வலப்புறம் திருகினால் மயில் மேலெழும்; இடப்புறம் திருகினால் தரையிறங்கும். திருத்தக்க தேவர் அதனை வெறும் வியப்புக்குரிய பொருளாகப் படைத்து நிறுத்திவிடவில்லை. ஆபத்து வருமுன்னரே விசயைக்கு அதனை இயக்கும் முறை கற்பிக்கப்பெற்றது என்றும் கூறுகின்றார். கட்டியங்காரனின் படை அரண்மனையைச் சூழ்ந்த நாளில் அவளுக்குப் புதிதாக எதனையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பயணிக்கு முன்கூட்டியே, அவருக்கு விளங்கும் வகையில் சொல்லித்தர வேண்டும் என்பது இன்றைய வானூர்தித் துறையின் தலையாய விதி. தமிழகத்திலிருந்து புறப்படும் விமானங்களில் அவ்விதி எவ்வாறு கடைப்பிடிக்கப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

விமான நிறுவனங்கள் தம் தோற்றத்தில் காட்டும் அக்கறையை முதலில் சொல்லிவிட வேண்டும்; அதில் நான் மயங்கியவன். ஏர் இந்தியாவின் கதை 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா ஓட்டிவந்த ஒற்றை எஞ்சின் விமானத்தில் தொடங்குகிறது. பம்பாய் வந்த அவ்வஞ்சல் பெல்லாரி வழியாகச் சென்னை வரை வந்தது. அப்பகுதியை ஓட்டியவர் நெவில் வின்சென்ட். 1946ஆம் ஆண்டில் பாபி கூக்காவும் ஓவியர் உமேஷ் ராவும் சேர்ந்து, தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாய்க் குனிந்து வணங்கும் மகாராஜாவை உருவாக்கினர். அரசனே பணியாளனாய் நின்று விருந்தோம்பும் அக்கற்பனைக்கு ஈடான விளம்பரச் சின்னம் இந்தியாவில் பிறிதொன்று தோன்றவில்லை என்பது என் துணிபு. 1971இல் ஜம்போ விமானங்கள் வந்தபோது, சாளரங்கள் ஒவ்வொன்றையும் சுற்றி இராசபுத்திர அரண்மனைப் பலகணியின் வளைவைச் சிவப்பு வண்ணத்தில் தீட்டினர். அவ்விமானங்களுக்குப் பேரரசர்களின் பெயர்களைச் சூட்டினர். அசோகர், ஷாஜகான், அக்பர் ஆகியோரோடு நம் இராசேந்திர சோழனும் மகேந்திரவர்மனும் வானில் உலவினர். கடாரம் கொண்டவனின் பெயரைத் தாங்கிக் கடல் கடந்த அந்த ஊர்தியைப் பற்றி ஒரு பரணியே பாடியிருக்கலாம்!

2022 ஜனவரியில் நிறுவனம் மீண்டும் டாட்டா குழுமத்திடம் வந்தது. 2023இல் வெளியிட்ட புதிய சின்னத்தில் அப்பழைய பலகணி வளைவே பொன்னிறக் கோடாக மாறி நிற்கிறது. அதன் உடன்பிறப்பான ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், தன் விமானங்களின் வால்பகுதியில் இந்திய நெசவு மரபுகளைத் தீட்டத் தொடங்கியது. குசராத்தின் பாந்தினி, பட்டோலா ஆகியவற்றோடு காஞ்சிபுரப் பட்டும் அவ்வரிசையில் இடம்பெற்றது. அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வாலில் உள்ள பட்டைப் பயணி பார்ப்பதில்லை. ஏறும்போது படிக்கட்டைப் பார்க்கிறார். ஏறிய பின் இருக்கை எண்ணைத் தேடுகிறார். வால் வண்ணம் என் போன்ற வேடிக்கை பார்ப்போருக்கு உரியது. உள்ளே அமர்ந்திருப்பவருக்கு நிறுவனத்தின் முகம் எதுவென்றால், அவர் காதில் விழும் சொல்தான்.

அவர் யார்? நம் முன்னோர் வழக்கில் அவர் சபராளி. நாகப்பட்டினத்தில் ரஜூலாவிலும் பின்னர் சிதம்பரத்திலும் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவரின் பேரர். இன்று திருச்சிராப்பள்ளியில் ஏறி ஷார்ஜாவிலோ துபாயிலோ கோலாலம்பூரிலோ இறங்குகிறார். காவிரிப் படுகையிலும் இராமநாதபுரம், புதுக்கோட்டை மாவட்டங்களிலும் இவர் இல்லாத தெரு அரிது. கொத்தனார், மின்பணியாளர், கடைச் சிப்பந்தி, வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண், மகனின் குழந்தையைப் பார்க்கப் புறப்பட்ட பெத்தும்மா என்று ஒரு விமானத்தில் நிரம்பியிருப்போர் இவர்களே. இத்தடங்களில் இருக்கைகள் நிறைவதும், நிறுவனங்கள் மேலும் விமானங்களை விடுவதும் இவர்களால்தான்.

இவர்களின் காதில் விழுவது பெரும்பாலும் இந்தியும் ஆங்கிலமுமே. இந்திய விமானங்களில் இவ்விரு மொழிகளில் அறிவிப்பது நிலைபெற்ற வழக்கம். தமிழறிந்த விமானி ஒருவர் அமைந்துவிட்டால் அன்று வணக்கத்தோடு நாலு சொல் கிடைக்கும். பயணிகள் கைதட்டுவர், கைப்பேசியில் பதிவு செய்வர், அது செய்தியாகவும் வரும். தமிழ்நாட்டிலிருந்து புறப்படும் ஊர்தியில் தமிழ் ஒலிப்பது செய்தியாகிறது என்பதிலேயே குறை விளங்கிவிடுகிறது.

இது ஆகாத காரியம் அன்று. இலங்கையின் தேசிய விமான நிறுவனத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் அறிவிக்கின்றனர். ஆயுபோவன் என்பதை அடுத்து வணக்கம் என்று வரவேற்கின்றனர். அந்நாட்டின் இன வரலாறு நாம் அறிந்ததே. அங்கேயே இது நடக்கிறது. எமிரேட்ஸ் விமானத்தில் ஏறினால், அன்றைய பணியாளர்களுக்குள் எத்தனை மொழி பேசுவோர் உள்ளனர் என்பதனை ஒலிபெருக்கியில் எடுத்துரைப்பர். சிங்கப்பூர் நிறுவனம் 1968 முதல் பணிப்பெண்களின் சாரோங் கெபாயா உடையைத் தன் அடையாளமாக வைத்திருக்கிறது; பியர் பல்மாங் வடிவமைத்த அவ்வுடையின் நிறத்தை வைத்தே பணிநிலையைக் கண்டுகொள்ளலாம். உடையில் அத்துணை நுட்பம் காட்டுவோர் மொழியிலும் நுட்பம் காட்டுவர் என்று எதிர்பார்ப்பது முறை. அந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று என்பதனை நினைவிற் கொள்க.

மொழிப்பற்றினால் மட்டும் இதனை எழுதவில்லை. முழு எண்ணிக்கையில் பயணிகள் இருக்க, பாதி வாயில்களை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிகளில் அனைவரும் வெளியேறிவிட முடியும் என்று மெய்ப்பித்துக் காட்டிய பின்னரே ஒரு விமான வகைக்கு உரிமம் தரப்படுகிறது. 90 விநாடிகளில் மொழிபெயர்ப்புக்கு இடமில்லை. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானமொன்று கடலோரக் காவற்படையின் சிறு விமானத்தோடு மோதித் தீப்பற்றியது. சிறு விமானத்தில் ஐவர் இறந்தனர். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிர் பிழைத்தனர். எட்டு வாயில்களில் மூன்றே பயன்பட்டன. உள்ளிருந்த ஒலிபெருக்கி செயலிழந்துவிட்டது. பணியாளர்கள் கைக்குழாயிலும் வெறுங்குரலிலும் கூவினர். கூவிய சொல் கேட்டவருக்கு விளங்கிற்று. பைகளை விட்டுவிட்டு இறங்கினர்.

2016 ஆகஸ்டு 3 அன்று நடந்ததனை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அன்று திருவனந்தபுரத்திலிருந்து சென்ற எமிரேட்ஸ் விமானம் துபாய் ஓடுபாதையில் வயிறு தேய விழுந்தது. கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டத்தாரும் பயன்படுத்தும் தடம் அது. 300 பேரும் தப்பினர், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உள்ளே எடுக்கப்பட்ட ஒளிப்படக் காட்சியை உலகமே கண்டது. புகை சூழ்ந்த நிலையிலும் மேலடுக்கைத் திறந்து பையை இழுத்துக்கொண்டிருந்தனர். விமானம் நின்ற சுமார் ஒன்பது நிமிடங்களில் எரிபொருட்கலம் வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். பையை எடுத்தவர்களைப் பலரும் ஏளனம் செய்தனர். எனக்கு ஏளனம் வரவில்லை. வளைகுடாவில் உழைக்கும் ஒருவருக்கு அந்தப் பையில் கடவுச்சீட்டு இருக்கிறது, வேலை அனுமதி இருக்கிறது, சில வேளை வீட்டு நகை இருக்கிறது. அதனை விட்டுவிடு என்று சொல்ல வேண்டுமானால், ஏன் விட வேண்டும் என்பதனையும் சேர்த்து, அவர் வீட்டில் பேசும் மொழியில், முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

பிராணவாயு முகமூடியைப் பற்றிய அறிவுரையும் அத்தகையதே. முதலில் தான் அணிந்துகொண்டு பிறகே குழந்தைக்கு அணிவிக்க வேண்டும் என்பது தாயின் இயல்புக்கு முற்றிலும் மாறான கட்டளை. 35,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் ஒரு நிமிடத்திற்குள்ளாகவே அறிவு தடுமாறும்; தாய் மயங்கிவிட்டால் குழந்தைக்கு யார் அணிவிப்பது என்பது அதன் காரணம். இயல்புக்கு மாறானதைக் கற்பிக்க அயல்மொழி உதவாது. ஏர் இந்தியா 2024இல் பரதநாட்டியம், கதகளி முதலிய ஆடல்களின் முத்திரைகளைக் கொண்டு ஒரு பாதுகாப்புப் படம் வெளியிட்டது. கண்ணுக்கு விருந்து; நானும் இருமுறை பார்த்தேன். ஆயினும் காரணத்தைக் காட்டும் முத்திரை எந்த ஆடல் நூலிலும் இல்லையே!

அவசர வாயிலருகே அமர்பவர் பணியாளரின் அறிவுரையைப் புரிந்துகொள்பவராய் இருத்தல் வேண்டும் என்பது பல நாடுகளிலும் உள்ள விதி. புரியாதவரை வேறிடத்திற்கு மாற்றிவிடுவர். விமானத்தில் பாதிப்பேருக்குப் புரியாவிடின் எவரை எங்கே மாற்றுவது?

2024 அக்டோபர் 11 மாலையைத் தமிழகம் மறந்திராது. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட விமானத்தில் நீர்ம விசை இயக்கம் பழுதடைந்தது. அவ்வகைப் போயிங் விமானத்தில் எரிபொருளை வானில் கொட்டிவிடும் வசதி இல்லை. எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும். எனவே இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக வானில் வட்டமிட்டுப் பத்திரமாகத் தரையிறங்கினர். விமானிகளின் திறம் போற்றத்தக்கது. அவ்வளவு நேரமும் தொலைக்காட்சிகள் ஏன் வட்டமிடுகிறது, எத்தனை முறை சுற்றிவிட்டது என்பனவற்றையெல்லாம் நல்ல தமிழில் நமக்கு விளக்கிக்கொண்டிருந்தன. வீட்டுத் திண்ணையில் இருப்பவருக்குக் கிடைக்கும் அவ்விளக்கம், உள்ளே பட்டை கட்டி அமர்ந்திருப்பவருக்கும் அதே தமிழில் கிடைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நம் சமுதாயத்தார் கருத வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ நேரே ஜித்தாவுக்குப் பறப்பவர் வானிலேயே மீக்காத்தைக் கடக்கிறார். விமானம் செல்லும் வழியைப் பொறுத்து அது யலம்லமாகவோ கர்னுல் மனாஸிலாகவோ அமையும். அதற்கு முன்னரே இஹ்ராம் அணிந்து நிய்யத் செய்திருக்க வேண்டும். தவறினால் பரிகாரமாகத் தம் கொடுக்க நேரும். அவ்வெல்லை நெருங்குவதை விமானத்தில் அறிவிக்கின்றனர். சவூதி நிறுவனம் புறப்படுமுன் பயண துஆவை ஒலிக்கச் செய்கிறது. சில விமானங்களில் தொழுகைக்கென இடமும் ஒதுக்கியிருக்கிறது. பயணியின் உள்ளத்தை அறிந்த நிறுவனம் என்று பாராட்டலாம். எனினும் மீக்காத் அறிவிப்பு வாழ்நாளில் முதன்முறையாக விமானமேறிய எழுபது வயதுப் பெரியவருக்கு விளங்காமற் போனால், அவர் பக்கத்து இருக்கைக்காரரின் உதட்டைப் பார்த்தே தல்பியாவைத் தொடங்க வேண்டியதாகிறது.

வான் துறையின் பொதுமொழி ஆங்கிலம் அன்றோ என்று சிலர் கேட்பர். அது விமானிக்கும் தரைக் கட்டுப்பாட்டாளருக்கும் இடையே வழங்கும் வானொலி மொழி. பயணிக்கு அதில் பங்கில்லை. எல்லாப் பணியாளருக்கும் தமிழ் தெரியாதே என்பர். பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்ய எவருக்கும் தமிழ் தெரிந்திருக்க வேண்டுவதில்லை.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். அப்பணியை என் போன்றோரிடம் அப்படியே ஒப்படைத்துவிடலாகாது. "நெருக்கடிநிலை வெளியேற்ற வாயில்" என்றும், "இருக்கைக் கச்சையை இறுகப் பிணித்திடுக" என்றும் எழுதிவிடுவோம். தனித்தமிழில் எனக்குள்ள பற்று பெரிது. ஆயினும் பெத்தும்மாவுக்குப் பெல்ட் என்றால் விளங்கும். கச்சை என்றால் விளங்காது. புகைக்கு நடுவே அகராதி புரட்ட இயலாது. என்னைக் கேட்டால் இவ்வளவு போதும் என்பேன்:

"பெல்ட்டை இடுப்பில் இறுக்கிப் போடுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் உள்ள அவசர வழி எது என்று இப்போதே திரும்பிப் பாருங்கள். அது பின்னாலும் இருக்கலாம். மேலேயிருந்து மாஸ்க் விழுந்தால் முதலில் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மயங்கிவிடுவீர்கள். பிறகு பிள்ளைக்குப் போடுங்கள். புகை வந்தால் குனிந்து போங்கள். இறங்கச் சொன்னால் பையை எடுக்காதீர்கள். பாஸ்போர்ட் வேறு வாங்கலாம். லைஃப் ஜாக்கெட் உங்கள் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. வெளியே வந்த பிறகுதான் அதில் காற்றை நிரப்ப வேண்டும்."

இதனை நிதானமாகப் படிக்க ஒரு நிமிடம் ஆகாது. விமானம் ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து செல்ல அதனினும் மிகுதியான நேரம் பிடிக்கும்.