வலையை அறுத்தவருக்கு வலை கொடுங்கள்!

தஞ்சாவூர் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பெரிய கோயில். காவிரி. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நெல்வயல்.

தஞ்சைக்குக் கடலும் உண்டு. பட்டுக்கோட்டையைத் தாண்டித் தெற்கே போனால் மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று மீனவர் ஊர்கள் வரும். சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரம் அங்கேதான் இருக்கிறது. எதிரே இருப்பது பாக் விரிகுடா. ஆழம் குறைந்த கடல். அதன் அடியில் புல் வளர்கிறது.

அந்தப் புல்லை மேய ஒரு பிராணி வருகிறது. அதுதான் கடல் பசு! மீனவர்கள் அதை "ஆவுளியா" என்பார்கள்.

மீன் அல்ல

பெயர்தான் பசு. கொம்பு கிடையாது. கால் கிடையாது. 3 மீட்டர் நீளம், 400 கிலோ எடை வரை வளரும். ஆனாலும் அது மீன் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு விட்டுப் போகும்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வலையில் சிக்கினால் அதனால் மேலே வர முடியாது. மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு குட்டிதான். அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டுகள் ஆகும். ஒன்று செத்தால் ஈடுகட்ட எத்தனை காலம் வேண்டும்!

ரஷ்யாவுக்கு அருகே, குளிர்ந்த கடலில், இதற்கு ஓர் உறவுப் பிராணி இருந்தது. 1741-ல் ஸ்டெல்லர் என்ற அறிஞர் அதைக் கண்டார். கப்பலில் போனவர்கள் இறைச்சிக்காக அதை வேட்டையாடினார்கள். 1768-க்குள் அந்த இனமே பூண்டோடு அழிந்தது. இருபத்தேழே ஆண்டுகள்!

அந்தக் கதி நம் கடல் பசுவுக்கு வரக்கூடாது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது.

காவல்காரர் யார்?

கடலுக்கு வேலி போட முடியுமா? கடல் பசு வலையில் சிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் மீனவர் ஒருவர்தான். வலையை அறுத்தால் அது பிழைக்கும். அறுக்காவிட்டால் சாகும்.

அந்த வலை சும்மா வந்ததா? கடன் பட்டு வாங்கியதாக இருக்கும். அது அறுந்தால் மறுநாள் தொழில் இல்லை. வீட்டில் அடுப்பு எரியாது. இது தெரிந்தும் வலையை அறுத்துக் கடல் பசுவைக் காப்பாற்றிய மீனவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். வனத்துறை அவர்களைப் பாராட்டிப் பரிசுப் பணமும் கொடுத்திருக்கிறது. நல்ல காரியம்.

ஆனால் பரிசு வேறு, நஷ்டஈடு வேறு. பாராட்டு விழா வரும் வரை பசி காத்திருக்குமா? வலை அறுந்த வாரத்திலேயே புது வலை மீனவர் வீட்டுக்கு வரவேண்டும். மனு கொடுத்து அவர் அலையக் கூடாது. படகில் இருந்தபடி கைபேசியில் எடுத்த படமே சாட்சியாக இருக்கட்டும்.

"ஒரு பிராணிக்காக இவ்வளவு செலவா?" என்று சிலர் கேட்கலாம். கடல் பசு மேயும் புல்லில்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. நாற்றங்கால் இல்லாமல் நடவு உண்டா? தஞ்சை விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் புல்தான் கடலின் நாற்றங்கால். அது அழிந்தால் மீனவர் பிழைப்பும் போகும்.

படகு ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புல் இருக்கும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். படகின் விசிறி பட்டால் கடல் பசு தாங்காது. புல்லை வேரோடு பிடுங்கும் இழுவை வலையை அங்கே போடாதீர்கள். கிழிந்த வலையைக் கடலில் வீசாதீர்கள். அதிலும் உயிர்கள் சிக்கும்.

வயலில் மேயும் பசு கிணற்றில் விழுந்தால் ஊரே கயிறோடு ஓடி வருகிறது. கடலில் மேயும் பசுவுக்குத் தனி ஒரு மனிதர் தம் வலையை அறுக்கிறார். அந்த நஷ்டத்தை அவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமா?