அரையாள் கூலி

'பெண்கள் உழைப்புச் சந்தைக்குள் நுழைய வேண்டும்' என்று எழுதுகிறார்கள். நுழையணுமாம். கருத்தரங்கக் கட்டுரைகளில் இதைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. சேரிப் பெண்ணை எவனும் சந்தைக்குள் கூப்பிட வேண்டியதில்லை. அவளை வெளியே விட்டவன்தான் எவனும் இல்லை. பிள்ளை பெத்த உடம்போடு வயலுக்குப் போனவளிடம் போய் 'பங்கேற்பு விகிதம்' பேசுகிறார்கள்.

2023-ல் க்ளாடியா கோல்டினுக்கு நோபல் கொடுத்தார்கள். அமெரிக்கப் பெண்களின் இருநூறு ஆண்டு உழைப்பைத் தோண்டி எடுத்த பெரிய வேலை அவருடையது, மறுப்பதற்கில்லை. விவசாயத்திலிருந்து ஆலைக்கு நாடு மாறும்போது பெண்கள் வேலையிலிருந்து விலகுவதும், படிப்பும் அலுவலக வேலையும் பெருகும்போது திரும்பி வருவதுமாக அவர் வரைந்து காட்டிய 'யு' வடிவக் கோட்டை நம்ம ஊர் அறிஞர்கள் அப்படியே தூக்கிவந்து இங்கே பொருத்துகிறார்கள். இங்கே காசு வந்ததும் வீட்டுப் பெண்ணை வாசப்படிக்குள் நிறுத்துவதற்குச் சாதிக் கௌரவம் என்று பெயர். சரி, கோட்டின் பள்ளத்தில் வீட்டுக்குள் போனவள் யார்? அவள் வீட்டு வயலில் குனிந்து நட்டவள் யார்? இருவரையும் 'பெண்' என்ற ஒரே கட்டத்தில் போட்டு மூடிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

கட்டம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வங்கியில் கணக்குத் தொடங்கும் படிவத்தில் 'தொழில்' என்று ஒரு இடம் இருக்கிறது. கையில் சேற்றுப்புண்ணோடு வரும் அம்மாவிடம் 'என்ன வேலம்மா?' என்று கேட்டால், 'சும்மா வீட்லதாம்பா இருக்கேன்' என்கிறார். கூட வந்த புருஷன் 'கூலி' என்று தனக்கு எழுதச் சொல்கிறான். அந்த வீட்டில் நாற்பது வருஷமாக நடவுக்கும் களைக்கும் போகிறவள் யார் என்று அவனுக்குத் தெரியாதா?

விஷயத்துக்கு வருவோம். டெல்டாவில் நாத்துப் பறிப்பதும் அண்டை வெட்டுவதும் ஆம்பள வேலை. நடவும் களையும் பொம்பள வேலை. பல ஊர்களில் ஆம்பள வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடும். நடவுக்காரி பொழுது சாயும்வரை குனிந்த முதுகை நிமிர்த்தாமல் நடுவாள். கூலி மட்டும் அவனுக்குக் கூட, அவளுக்குக் குறைச்சல். கேட்டால் 'அவன் மம்முட்டி பிடிக்கிறான், பலம் வேணும்ல' என்பார்கள். பலத்துக்குத்தான் கூலி என்றால் நடவு இயந்திரம் வந்தபோது என்ன நடந்தது? அவள் குனிந்து நட்ட வயலில் ஒருத்தன் உட்கார்ந்து ஓட்டினான். நேற்றுவரை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற வேலை ஒரே நாளில் 'திறன்மிகு' வேலை ஆகிவிட்டது. கூலி செய்கிற உடம்பைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. முதலில் வேலையைப் பொம்பள வேலை என்று பேர் சூட்டு, பிறகு அதைச் சின்ன வேலை என்று சொல், பிறகு அரையாள் கூலி கொடு. சாதி என்ன செய்ததோ அதேதான். மலம் அள்ளுவதும் பறை அடிப்பதும் இழிவென்று ஆன கதையை நாம் அறியாதவர்களா?

சட்டம் இல்லையா? இருக்கிறது. சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 1958-ல் ஏற்றுக்கொண்டது. 1976-ல் சம ஊதியச் சட்டம் இயற்றினார்கள். அதில் 'சம மதிப்பு' என்ற சொல் காணாமல் போய் 'ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை' என்று ஆனது. 2019-ல் நிறைவேற்றிய ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அதே சொற்கள்தான். இந்தச் சொல் மாற்றத்தில்தான் சூது இருக்கிறது. நடவு வரிசையில் ஒரு ஆம்பளையும் இல்லை. ஒப்பிட ஆள் இல்லாதபோது எதை வைத்து வழக்குப் போடுவது? மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனியின் பெண் சுருக்கெழுத்தாளர் ஒருவர் உச்சநீதிமன்றம்வரை போராடி 1987-ல் ஜெயித்தார். சந்தோஷம். அவரிடம் சம்பளச் சீட்டு இருந்தது, அதே வேலை செய்த ஆண்களின் சம்பள விவரம் இருந்தது. நடவுக்காரியிடம் என்ன சீட்டு இருக்கிறது?

இதைவிடக் கேவலம் ஒன்று. மத்திய அரசின் தொழிலாளர் அலுவலகம் கிராமப்புறக் கூலி விகிதங்களை அச்சடித்து வெளியிடுகிறது. நடவுக்கு, அறுப்புக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஆண், பெண் என்று தனித்தனி எண். சட்டப்படி இருக்கக்கூடாத வித்தியாசத்தை அரசே அச்சுக்கோத்துத் தருகிறது, ஒருத்தனும் கைதாகவில்லை.

அம்பேத்கர் இதை அப்போதே பார்த்தார். 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசினார். தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தபோது, போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டில் சுரங்கத்துக்கு அடியில் பெண்கள் இறங்க இருந்த தடையை 1943-ல் அரசு நீக்கியது. அவருக்கும் அது நெருக்கடியான முடிவுதான். ஆனால் 1944 பிப்ரவரியில் சபையில் பதில் சொல்லும்போது, ஆண் பெண் பேதமில்லாமல் சம வேலைக்குச் சம கூலி என்பது இங்கே ஒரு தொழிலில் முதல்முறையாக நிலைநாட்டப்பட்டிருக்கிறது என்பதை அழுத்திச் சொன்னார். அவர் படத்தை மேடையில் வைக்கிற நாம் இந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறோமா?

2005 சட்டத்தில் வந்த நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. தமிழ்நாட்டில் அந்த வேலைநாட்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் பெண்களுடையது. அவள் கணக்கில் அவள் பேரில் பணம் விழுந்தது. உடனே ஊர்த்தெருவில் ஒப்பாரி: 'எல்லாரும் மரத்தடியில உக்காந்து சம்பளம் வாங்குறாளுங்க, வயலுக்கு ஆளே வரமாட்டேங்குறா.' ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கூலிக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். இந்த ஒப்பாரி டெல்லிவரை கேட்டிருக்கிறது. 2025 டிசம்பரில் நிறைவேற்றிய புதிய சட்டம் 125 நாள் என்று ஆசை காட்டிவிட்டு, விதைப்பு அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்திவைக்க வழி செய்கிறது. கூலி பேசுவதற்கு அவளுக்குத் தெம்பு இருக்கும் மாதங்கள் பார்த்து எடுக்கப்பட்ட 60 நாள் அது. ஆண்டைக்கு இதைவிட என்ன வேண்டும்?

எல்லாரையும் திட்டியாயிற்று. இப்போது நம்ம கதை. வெண்மணியில் 1968 டிசம்பர் 25-ல் எரிக்கப்பட்ட 44 பேரில் பெண்களும் குழந்தைகளுமே அதிகம். கூலிப் போராட்டத்தின் சாவில் அவள் முழு ஆள். கூலி பேசும் இடத்தில் அரை ஆள். இன்றும் கூலி உயர்வு பேசப் போகிறவர்களில் பெண் எத்தனை பேர்? 'ஆம்பளைக்கு இவ்வளவு, பொம்பளைக்கு இவ்வளவு' என்று இரண்டு எண்ணோடுதான் நம்ம தோழர்களும் போகிறார்கள். ஆண்டை அந்த இரண்டு எண்ணையும் மறுப்பேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வான், கொஞ்சம் குறைத்து. வித்தியாசத்தைப் பற்றி அவனுக்கு நம்மோடு தகராறு இல்லை. 'மொதல்ல சாதி ஒழியட்டும், அப்புறம் இதைப் பாத்துக்கலாம்' என்று சொல்லும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: 'மொதல்ல வர்க்கம், அப்புறம் சாதி' என்று நம்மைப் பார்த்துச் சொன்னவர்களிடம் எவ்வளவு கோபப்பட்டோம்?

அடுத்த சம்பா நடவுக்குக் கூலி பேசப் போகும்போது ஒரே எண்ணை எழுதிக்கொண்டு போவோம். நடவுக்காரியின் ஒருநாள் உழைப்புக்கு என்ன கூலி என்று அவளே முதலில் சொல்லட்டும். மம்முட்டிக்காரன் கூலியும் அதுவே. 'அப்ப எங்களுக்குக் கொறையுமா?' என்று நம்ம ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அந்தச் சண்டையைச் சேரிக்குள் நாமே முதலில் போட்டு முடித்துவிட்டு, பிறகு ஆண்டை வீட்டு வாசலுக்குப் போகலாம்.