5 ஆண்டோடு அனுப்பிவிடாதீர்கள்

புற்றுநோய் என்றதும் எல்லோரும் கேட்பது 5 வருஷக் கணக்கைத்தான். உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் சில புற்றுகளுக்கு அந்தக் கணக்கு உதவாது. என் அக்கா விஷயத்தில் உதவவில்லை.

தாடைக்குக் கீழே நெறி கட்டியதுபோல ஒரு வீக்கம். வலி இல்லாததால் பற்றுப் போட்டே மாதங்கள் ஓடின. பிறகு ஆபரேஷன், அதன்பின் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். கீழுதட்டின் ஓரம் லேசாக இறங்கியதைத் தவிர அக்கா பழையபடி ஆகிவிட்டாள். 5 ஆண்டு முடிந்ததும், "நல்லா ஆயிடுச்சு, இனி வரவேண்டாம்" என்றார்கள். ஒன்பதாம் ஆண்டில், விடாத இருமலுக்காக எடுத்த சிடி ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் சிறு சிறு புள்ளிகள்.

அவளுக்கு வந்தது அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா. மெதுவாக வளரும். நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊரும். 10 ஆண்டு கழித்தும் நுரையீரலில் தலைகாட்டும். 5 ஆண்டு தாண்டுபவர்கள் முக்கால்வாசிப் பேர். 10, 15 ஆண்டு என்று பார்த்தால் அந்த எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகிறது.

பரவிவிட்டது என்றதும் வீட்டில் ஒரே அழுகை. ஆனால் இந்த வகையில் நுரையீரல் புள்ளிகளோடு பல ஆண்டுகள் நடமாடுபவர்கள் உண்டு. வழக்கமான கீமோவுக்கு இது அவ்வளவாக மசியாது. அதனால் புள்ளிகள் வளர்கின்றனவா என்று கண்காணித்தால் இப்போதைக்குப் போதும் என்கிறார் இப்போது பார்க்கும் மருத்துவர். அக்கா சமைக்கிறாள், பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறாள்.

இந்தச் சுரப்பிகளில் 20-க்கும் மேற்பட்ட புற்று வகைகள் உண்டு. வீரியம் குறைந்த மியூகோஎபிடெர்மாய்டு வகையை முழுதாக வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு சரி. சலைவரி டக்ட் கார்சினோமாவோ சில ஆண்டுகளுக்குள்ளேயே திரும்பிவிடக்கூடியது. ஆனால் அதில் ஹெர்-2 புரதம் மிகுந்திருந்தால் அதைக் குறிவைக்கும் மருந்து இருக்கிறது. இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, அக்காவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது "உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்று, சிகிச்சை முடிந்தது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரே வரி.

மருத்துவர்களே, என்ன வகை, எவ்வளவு வீரியம், வெட்டிய ஓரத்தில் புற்று மிச்சமிருந்ததா, நரம்பில் ஏறியிருந்ததா என்பதைத் தமிழில் எழுதி நோயாளியின் கையில் கொடுங்கள். பயாப்சிக்கு எடுத்த சதையைப் பதித்த மெழுகு பிளாக்கைப் பத்திரப்படுத்துங்கள்; பின்னாளில் புது மருந்து வந்தால், பொருந்துமா என்று அதில் சோதிக்கலாம். அக்காவுடையது தேடியும் கிடைக்கவில்லை. அடினாய்டு சிஸ்டிக் என்றால் கழுத்தையும் நெஞ்சையும் பரிசோதிக்க ஆயுள் முழுக்க, ஆண்டுக்கு ஒருமுறையாவது கூப்பிடுங்கள். வராதவர்களுக்குப் போன் போட மருத்துவமனைக்கு ஒரு ஊழியர் போதும்.