வாங்கிய பின் எழும் வினா

திருவனந்தபுரத்தில் ஸ்மார்ட் சிட்டி திட்ட நிதியில் மின்பேருந்துகள் வாங்கப்பட்டன. இயக்கும் பொறுப்பு கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஸ்விஃப்ட் நிறுவனத்திடம் சேர்ந்தது. 2024 ஜனவரியில், 10 ரூபாய்க் கட்டணத்தில் அவை இலாபம் தாரா என்று போக்குவரத்து அமைச்சர் கணேஷ்குமாரே கூறினார்; ஆளுங்கட்சியினரே மறுத்தனர். எவர் கணக்குச் சரி என்பது இருக்கட்டும். இவ்வினா பேருந்துகள் சாலைக்கு வந்தபின் வெடித்ததே திட்டமிடலின் குறை. பணிமனை, மின்வாரியம், கணக்குப் பிரிவு, ஓட்டுநர், நடத்துநர் ஆகியோரிடம் ஒப்பந்தப்புள்ளி கோருமுன்னரே கலந்தாய்ந்தால், மின்னேற்றச் செலவும் மின்கல ஆயுளும் வழித்தடத் தேவையும் அன்றே கணக்கில் ஏறும். கலந்தாய்வு காலத்தை விழுங்கும் என்பர் சிலர். விழுங்குவது சில வாரங்களே. பேருந்து ஓடவேண்டியதோ பல்லாண்டுகள். பசுமைக் கொள்முதலைக் கொள்முதல் பிரிவு மட்டுமே தீர்மானிக்கும் வரை, அதன் சுமையை இயக்குவோரே சுமப்பர்.